நீல மூடிக் கேன்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது எங்கள் தெருவுக்கே தெரியும். அந்த மூக்கு மற்றவர்களுடையதைவிடக் கொஞ்சம் அதிகமாக வேலை செய்யும் என்பது என் வீட்டுக்காரருக்கு மட்டும்தான் தெரியும். பக்கத்து வீட்டில் குழம்பு அடிப்பிடிக்கப் போவதை அவர்களுக்கு முன்னால் நான் சொல்லிவிடுவேன். பால் திரியுமா திரியாதா என்பது சட்டியைத் திறந்ததும் தெரிந்துவிடும். காளையார்கோவில் பக்கத்தில் மாடு வைத்துப் பால் ஊற்றிய வீட்டில் பிறந்தவளுக்கு இது ஒரு வித்தையே இல்லை. அவர் இதை வைத்துத்தான் என்னைக் கேலி செய்வார். "ஒனக்கு மூக்கு மட்டும் இல்லேன்னா நமக்குள்ள சண்டையே இல்ல," என்பார்.

போன ஐப்பசியில் அவருடைய சட்டையிலிருந்துதான் அது தொடங்கியது.

அவருக்கு லாரித் தொழில். சொந்த வண்டி, அவரேதான் டிரைவர். கிளீனர் வைத்துக்கொள்ளும் காலமெல்லாம் போய்விட்டது. புதுவயல் மில்லில் அரிசி மூட்டை ஏற்றி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவு மலை ஏறி, கேரளாவில் இறக்கிவிட்டு வருவார். வீட்டுக்கு வந்ததும் சட்டையைக் கழற்றி என் தையல் மிஷின்மேல் போடுவார். எத்தனை முறை சொன்னாலும் அங்கேதான். யாரோ ஒருத்தி கல்யாணத்துக்குக் கொடுத்த பட்டு பிளவுஸ் கீழே கிடக்கும், மேலே இவர் சட்டை கிடக்கும். டீசல், வேர்வை, ரோட்டுப் புழுதி எல்லாம் எனக்குப் பழகியவை. அன்றைக்கு அவற்றுக்குள் வேறொன்று இருந்தது. சாணி அள்ளாமல் விட்ட தொழுவத்துக்குள் விடியலில் நுழைந்தால் கண்ணில் ஒரு காரம் ஏறுமே, அது.

"மாட்டு வண்டியா ஓட்டிட்டு வாரீக?" என்று கேட்டேன்.

"மில்லுல நெல்லு அவிக்கிற வாடை. வேற என்ன," என்றார்.

அதில் ஒரு நியாயம் இருந்தது. புதுவயலில் இருப்பவர்களுக்கு வாடை என்பது பொருட்டே இல்லை. ஒரு பக்கம் நெல் அவியும் வாடை, ஒரு பக்கம் உமி எரியும் புகை, நடுவில் வரிசையாக நிற்கும் லாரிகள். மில் வாசலில் எங்கள் வண்டியும் முறை வரும்வரை எஞ்சினை நிறுத்தாமல்தான் நிற்கும். நிறுத்தினால் மறுபடி ஸ்டார்ட் ஆகுமோ என்ற பயம் பழைய லாரி ஓட்டிய காலத்தில் பிடித்தது. வண்டி மாறியும் பயம் மாறவில்லை. எந்த வாடை எங்கிருந்து வருகிறது என்று இந்த ஊரில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் என்னைப் போலச் சண்டைக்காரி என்று பெயர் வரும்.

அதற்கடுத்த நடை கேரளா போய்க் கண் சிவந்து வந்தார். தூசி என்றார். அதற்கடுத்ததில் தொண்டை கம்மி, காறிக்கொண்டே வந்தார். பனி என்றார். சாப்பிட உட்கார்ந்தவர் பாதிச் சோற்றில் தலையைப் பிடித்துக்கொண்டார். நான் வாயைத் திறக்குமுன், "ஒன்னும் இல்ல, தூக்கம் பத்தல," என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் மறைக்க எடுத்த சோறு ஒரு பிடிகூட இல்லை.

உண்மை வேறு வழியாக வந்தது. கொல்லையில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தபோது, சுவருக்கு அந்தப் பக்கம் அவர் இன்னொரு டிரைவரிடம் போனில் பேசியது காதில் விழுந்தது. "மலையில மழைப்பா. கண்ணாடிய ஏத்திட்டேன். கொஞ்ச நேரத்துல கண்ணு தானா சொருகுது. எதுக்க வாரவன் லைட்டு ரெண்டா தெரியுது. ஓரங்கட்டிப் படுத்துட்டேன். இல்லாட்டி அன்னைக்கே பள்ளத்துல கெடந்திருப்பேன்." சொல்லிவிட்டுச் சிரித்தார். என் கையில் இருந்த ஈரத்துணி கீழே விழுந்தது. அதை எடுத்து மறுபடி அலசினேன். அலசிக்கொண்டே இருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எங்கள் வீட்டில் இருப்பது நாங்கள் இருவரும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளும், என் மாமனாரும். மாமனார் விவசாயம் பார்க்கும் சம்சாரி. ஊரை ஒட்டிக் கண்மாய்க்குக் கீழே அவருக்கு வயல். அந்த வயலில் ஒரு துண்டை விற்றுத்தான் இந்த லாரி வந்தது. "மண்ண வித்துச் சக்கரம் வாங்குறான்," என்று அன்றைக்குச் சொன்னவர் அதற்கப்புறம் லாரியைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. வண்டி வீட்டுக்கு வந்த அன்று எல்லோரும் தேங்காய் உடைத்துக்கொண்டிருக்க, இவர் மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு வயலுக்குப் போய்விட்டார். லாரி என்ற சொல்கூட அவர் வாயில் வராது. "அது வந்துருச்சா? அது போயிருச்சா?" என்றுதான் கேட்பார். அப்பனும் மகனும் பேசிக்கொள்வதெல்லாம் மழையைப் பற்றி மட்டும்தான். மழை பெய்யாத மாதங்களில் அதுவும் இல்லை.

இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அந்த ஐப்பசியில் வயலுக்குச் சோறு கொண்டுபோனபோது ஒன்றைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் பச்சைப் பசேல் என்றிருக்க, வாய்க்கால் ஓரமாக ஒரு பக்கம் மட்டும் பயிர் வெளிறி மஞ்சளாக நின்றது. மாமனார் வயலில் அப்படி நான் பார்த்ததே இல்லை. உரச் சாக்கை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஒரு கோணம் விடாமல் தூவுகிறவர் அவர்.

"என்ன மாமா, இந்தப் பக்கம் இப்புடிக் கெடக்கு?"

"தண்ணி தேங்கிருச்சு ஆத்தா. தன்னால தேறிக்கும்," என்றார். அங்கே தண்ணீர் தேங்கியதாகத் தெரியவில்லை. நானும் கேட்கவில்லை. என் கவலை மலையில் இருந்தது.

அந்த நாளுக்கு வருகிறேன். முந்தைய நாளே மில்லில் மூட்டை ஏற்றி, தார்ப்பாய் கட்டி, வண்டியை வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தார். வெயில் தாழக் கிளம்ப வேண்டும். வானம் காலையிலேயே மூடிக்கொண்டது. மலையில் மழை இருக்கும், கண்ணாடியை ஏற்றுவார், கண் சொருகும். எனக்கு அதற்குமேல் நினைக்க முடியவில்லை.

காலையிலேயே வழக்கம்போல எஞ்சினை ஓட விட்டுவிட்டு, வண்டிக்குள் சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்தினார். நான் பூவைக் கொடுக்கிற சாக்கில் படியில் ஏறித் தலையை உள்ளே விட்டேன். கண்ணில் பொசுக்கென்று நீர் வந்துவிட்டது. ஊதுபத்தி வாடைக்கு அடியில் அந்தத் தொழுவத்துக் காரம். அதற்கும் அடியில் தொண்டையைப் பிடிக்கும் புகை. கதவு திறந்து கிடக்கும்போதே இப்படி என்றால், கதவைச் சாத்திக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்திருப்பவர் கதி?

அவரைக் கேட்காமலே கையை விட்டு எஞ்சினை அணைத்து, சாவியை உருவிக்கொண்டு இறங்கினேன். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அந்த வண்டியின் சாவியை நான் தொட்டது அதுதான் முதல் தடவை.

"என்ன செய்ற நீ?"

"இந்த வண்டியில நீங்க மலை ஏறக் கூடாது."

"லோடு ஏத்தியாச்சு. அங்க ஆளு காத்துக்கெடக்கான்."

"காத்துக்கெடக்கட்டும். நீங்க போன்ல பேசுனத நான் கேட்டேன். பள்ளத்துல கெடக்குற ஆளுக்கு யாரு லோடு எறக்குவா?"

அவர் முகம் மாறியது. மறைத்தது தெரிந்துவிட்டதே என்ற வெட்கம் முதலில் வந்தது. அப்புறம்தான் கோபம். தெருவில் இரண்டு மூன்று கதவுகள் திறந்தன. என் குரல் அப்படி. மாமனார் உள்ளேயிருந்து வந்து வாசற்படியில் நின்றார். யார் பக்கமும் பேசவில்லை. கொஞ்ச நேரம் லாரியைப் பார்த்தார். பிறகு மகனைப் பார்த்து, "ரிப்பேர் பாக்குற ஆள வரச்சொல்லிப் பாரேன்," என்றார். லாரி விஷயத்தில் அவர் வாயிலிருந்து வந்த யோசனை அது ஒன்றுதான் என்பதால் என் வீட்டுக்காரர் போனை எடுத்தார்.

காரைக்குடியில் ஷெட் வைத்திருக்கும் மெக்கானிக் வந்து சேர உச்சி வேளை ஆகிவிட்டது. அதற்குள் மில்லிலிருந்து போன் மேல் போன். என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும், "வெயில் தாழக் கெளம்பிருவேன்," என்றே சொல்லிக்கொண்டிருந்தார். நான் சாவியை முந்தானையில் முடிந்துவைத்திருந்தேன்.

மெக்கானிக் நிதானமான ஆள். எங்கள் அவசரம் எதுவும் அவரிடம் ஒட்டவில்லை. எஞ்சின் ஆறியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்துவிட்டு, "இப்ப போடுங்கண்ணே," என்றார். நான் முடிச்சை அவிழ்த்துச் சாவியைக் கொடுத்தேன். வண்டி உறுமி, பிறகு ஒரே சீராக ஓடியது. அவர் சைலன்சர் வாய்ப் பக்கம் குந்தி உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"புகைய வச்சுத்தான்க்கா சொல்லணும். கறுப்பா வந்தா காத்துப் பத்தல. வெள்ளையா வந்தா டீசலு எரியாம வருது. நீலமா வந்தா ஆயிலு எரியுது." கையில் இருந்த வெள்ளைத் துணியைச் சைலன்சர் வாயில் பிடித்துவிட்டுப் பார்த்தார். லேசாக ஒரு சாம்பல் நிறம், அவ்வளவுதான். "மூணும் இல்ல. டீசல் அடிக்கிற இஞ்செக்டரும் நல்லாத்தான் இருக்கும் போல. சத்தத்துல ஒன்னும் தெரியல."

"அப்ப ஒன்னும் இல்லங்குற," என்றார் என் வீட்டுக்காரர், என்னைப் பார்த்துக்கொண்டே.

"வாடை வருதுல்ல?" என்றேன் நான்.

"எனக்கு மூக்கு செத்துப் பல காலம் ஆச்சுக்கா. டீசல்லயே கெடக்குறவன். ஆனா கண்ணு எரியுது. அது பொய் சொல்லாது." எழுந்து போய் வண்டிக்குள் ஏறினார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, இரண்டு பக்கக் கண்ணாடியையும் ஏற்றச் சொன்னார். சாமி படத்தின் முன்னால் எரிந்து அணைந்திருந்த ஊதுபத்தியின் மிச்சத்தை மறுபடி கொளுத்தி, கதவு ஓரம், கால் வைக்கும் இடம் என்று ஒவ்வொரு இடமாகக் காட்டிக்கொண்டே வந்தார். புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. கியர் கம்பியின் அடியில் இருக்கும் ரப்பர் உறைக்குப் பக்கத்தில் கொண்டுபோனதும் அந்த நூல் அறுந்து, குபுகுபுவென்று மேல்நோக்கிச் சிதறியது. கீழேயிருந்து எதுவோ அதை ஊதித் தள்ளியது.

"இங்குட்டுத்தான் உள்ள வருது," என்றார். உறையை விரித்துக் காட்டினார். ரப்பர் கிழிந்து, விரல் போகும் அளவுக்குப் பிளந்திருந்தது. "கண்ணாடிய ஏத்திட்டுப் போனீகன்னா இது பூராம் உங்க மூஞ்சிலதான். தூக்கம் வருதுன்னு நெனப்பீக. அது தூக்கம் இல்லண்ணே, மயக்கம்."

என் வீட்டுக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு நடைக்கும் அந்தச் சாமிக்குக் கொளுத்திய ஊதுபத்திதான் வாடையை அவருக்குத் தெரியாமல் மூடி வைத்திருந்தது. நான் ஏறி நின்ற படியிலிருந்து இறங்கினேன். உண்மையில் எனக்கு அப்போது வந்தது கோபம் இல்லை, பயம். வழக்கமாக இரண்டுக்கும் எனக்கு ஒரே குரல்தான். அன்றைக்குக் குரலே வரவில்லை.

"உறைய மாத்திட்டாப் போதுமா?" என்று கேட்டார் அவர். அவர் கண் மேற்கே போயிற்று. வெயில் தாழ இன்னும் நேரம் இருந்தது.

"உள்ள வார வழிய அடைக்கலாம்ணே. வெளிய எங்க கசியுதுன்னு பாக்கணும்ல." மெக்கானிக் ஒரு சாக்கைக் கேட்டு வாங்கி விரித்து, வண்டிக்கு அடியில் நுழைந்தார். கொஞ்ச நேரம் தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கை மட்டும் வெளியே வந்தது. உள்ளங்கையில் வெள்ளையாக, உப்புப் பாறை உடைத்த மாதிரி இரண்டு துண்டுகள்.

"புகைக் குழாய் சேர்ற எடத்துல பூராம் இதுதான். உள்ள அடைச்சு, புகை போக எடமில்லாம ஜாயிண்ட்ட நெம்பிக்கிட்டு வருது." வெளியே வந்து உட்கார்ந்தார். "யூரியா எங்க ஊத்துறீக?"

புது மாடல் வண்டிகளில் டீசல் டாங்குக்குப் பக்கத்தில் நீல மூடியுடன் சின்ன டாங்கு ஒன்று இருக்கும். புகையில் உள்ள நச்சைக் குறைக்க அதில் தண்ணீர் மாதிரி ஒன்றை ஊற்றுவார்கள். அதற்குக் கம்பெனிக்காரன் வாயில் நுழையாத பெயர் ஏதோ வைத்திருக்கிறான். டிரைவர்கள் எல்லோரும் யூரியா என்றுதான் சொல்கிறார்கள். கடைக்காரனும் அப்படியே சொல்கிறான். எங்கள் வீட்டிலும் அப்படித்தான்.

"கம்பெனிச் சரக்குதான். கேன் கேனா வீட்டுலயே இருக்கு," என்றார் என் வீட்டுக்காரர்.

"மஞ்ச லைட்டு எரியல?"

"எரியும். கைமாறி வந்த வண்டிதானே, நாலு லைட்டு எரியத்தான் செய்யும்."

மெக்கானிக் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "கேனக் காட்டுங்க."

கேன்கள் முன்வாசலை ஒட்டி, கூரைக்கடியில் இருந்தன. துடைத்து, மூடி ஒரே பக்கம் பார்க்கும்படி வரிசையாக அடுக்கியிருந்தது. கொஞ்ச நாளாகவே மாமனார் அவற்றைத் துடைத்து வைப்பதை நான் பார்த்திருந்தேன். பரவாயில்லை, மனசு இளகியிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மெக்கானிக் ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். கம்பெனி லேபிள், நீல மூடி, எல்லாம் சரி. கொஞ்சம் உள்ளங்கையில் ஊற்றினார். தண்ணீர் மாதிரிதான் இருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. அப்ப வேற எங்கயோதான் கோளாறு. ஷெட்டுக்குக் கொண்டுபோய்க் கழட்டுனாத்தான் தெரியும்," என்றார்.

என் வீட்டுக்காரர் எழுந்தார். "அப்ப ஒன்னு செய். உறைய இப்ப ஒட்டிக் குடு. ஜாயிண்ட்ட இறுக்கு. இந்த ஒரு நடைய முடிச்சிட்டு வந்து கழட்டுவோம்."

"ஏங்க," என்றேன்.

"கண்ணாடிய எறக்கி விட்டுக்கிட்டுப் போறேன். போதுமா?"

"மழையில?"

"நனஞ்சிக்கிட்டே போறேன்."

மெக்கானிக் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். புருஷன் பெண்டாட்டி பேச்சில் வாய் கொடுத்தவன் உருப்பட்டதில்லை என்பது அவருக்கும் தெரிந்திருந்தது. பையிலிருந்து ஸ்பானரை எடுத்தார். ஜாயிண்டை இறுக்கிவிடுவார், உறையை ஒட்டிவிடுவார், இவரும் கிளம்பிவிடுவார். எனக்கு அந்த வினாடி என்ன செய்வதென்று தெரியாமல், கையில் அகப்பட்டதைத் தூக்கினேன். அந்தக் கேன்தான். எறிவதற்கா, உடைப்பதற்கா, தெரியாது. மூடி திறந்தே இருந்தது. முகத்துக்கு நேராக வந்ததும் மூக்கு அதன் வேலையைச் செய்தது.

முதலில் அந்தக் காரம் லேசாக வந்தது. அதற்குப் பின்னால் இன்னொன்று. கசப்பாக, பழகியதாக, எங்கள் வீட்டுக்கே உரியதாக. நடவு முடிந்து உரம் போடும் நாட்களில் மாமனாரின் கையில், துண்டில், அவர் சாப்பிட்ட தட்டில்கூட ஒட்டிக்கொண்டு வருவது. வேப்பெண்ணெய்.

கேனைச் சாய்த்து வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீரின் மேல் ஆடை மாதிரி மெல்லிய எண்ணெய் மினுக்கியது. இப்போதெல்லாம் பயிருக்குப் போடும் யூரியா வேப்பெண்ணெய் பூசித்தான் வருகிறது. கூட்டுறவு சொசைட்டியில் வரிசையில் நின்று வாங்கி வரும் மூட்டை. லாரிக்கு ஊற்றும் யூரியாவில் வேப்பெண்ணெய்க்கு என்ன வேலை?

வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதை. என் மண்டைக்குள் எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நின்றது. துடைத்து வைத்த கேன்கள், வெளிறிப்போன பயிர், தேங்காத தண்ணீர். வாயில் வார்த்தையும் வந்து நின்றது. நல்ல வார்த்தை இல்லை. மகனைக் கொல்லப் பார்த்தீகளே என்கிற மாதிரி ஒன்று. நான் திரும்பினேன். மாமனார் வாசற்படியிலேயே நின்றுகொண்டிருந்தார். காலையிலிருந்து அவர் உட்காரவே இல்லை என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

"மாமா," என்றேன். "இந்தக் கேன்ல என்ன ஊத்துனீக?"

"யூரியாதான்," என்றார், சாதாரணமாக. "அவன்தான் போன் போட்டுச் சொன்னான். 'அப்பா, யூரியா தீரப்போகுது, காலிக் கேன்ல ரொப்பி வைங்க'ன்னு. வீட்டுல இருக்கையில கடைக்கு எதுக்குப் போகணும்? நம்ம மூட்டையப் பிரிச்சு நானே கரைச்சேன்."

மெக்கானிக்கின் கையிலிருந்து ஸ்பானர் சாக்கின்மேல் விழுந்தது.

"நல்லாக் கரைச்சேன் ஆத்தா," என்றார் அவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு. "கட்டி ஒன்னு விடல. கரைக்கையில கை வெறைச்சுப் போகும், அப்புடிச் சில்லுன்னு இருக்கும். வேட்டியில வடிகட்டித்தான் ஊத்துனேன். அதுல என்ன?"

மெக்கானிக்தான் சொன்னார். மெதுவாக, பெரியவர் மனசு நோகாதபடி. அது வேற யூரியாங்கய்யா. அது சுத்தமான தண்ணியில அளவாக் கலந்து வாரது. இதுல உப்புத் தண்ணி, எண்ணெய், எல்லாம் இருக்கு. உள்ள போயி இறுகி அடைச்சுக்கிருச்சு. அந்த அடைப்புலதான் புகை திரும்பி வண்டிக்குள்ள வந்திருக்கு. மாமனார் ஒவ்வொரு வார்த்தைக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கடைசியில், "புகை இவன் மூஞ்சிக்கா போச்சு?" என்று கேட்டார். அவர் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மெல்லப் படியில் உட்கார்ந்தார்.

நான் என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். கத்துவார் என்று நினைத்தேன். அவருடைய குடும்பத்தில் கத்துவதற்கு யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒவ்வொரு நடைக்கும் டாங்கில் தன் கையாலேயே அதை ஊற்றிக்கொண்டு போனவர் அவர். அப்பா கடையில் வாங்கி ரொப்பி வைத்திருக்கிறாரே என்ற திருப்தியில் மூடியைத் திறந்து மோந்துகூடப் பார்க்கவில்லை. அவர் அப்பாவைப் பார்த்துக்கொண்டே நின்றார். கேட்டது நான் எதிர்பார்த்த கேள்வி இல்லை.

"சொசைட்டியில இந்தத் தடவ யூரியா தட்டுப்பாடுன்னாங்களேப்பா. ஆளுக்கு ஒரு மூட்டைதான குடுத்தாக. வயலுக்கு என்ன போட்டீக?"

மாமனார் தரையைப் பார்த்துக்கொண்டு, துண்டால் முழங்காலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"வயலு நின்ன எடத்துல நிக்கிது," என்றார். "மலை ஏறுறவன் நீதானப்பா."

மில்லிலிருந்து மறுபடி போன் வந்தது. என் வீட்டுக்காரர் எடுத்து, வண்டி வராது, வேறு வண்டிக்கு லோடை மாற்றிக்கொள்ளுங்கள் என்றார். காரணம் கேட்டிருப்பார்கள் போல. "வண்டியில கோளாறு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார். மூட்டைகளை வேறு லாரிக்கு மாற்ற ஆள் வந்து, அது முடிந்து, மெக்கானிக் எங்கள் வண்டியை உருட்டும் வேகத்தில் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனபோது வெயில் தாழ்ந்துவிட்டது. கண்ணாடி இரண்டையும் அடிவரை இறக்கிவிட்டு, வாயில் துணி கட்டிக்கொண்டுதான் போனார்.

வழக்கமாக அவர் மலைக்குக் கிளம்பும் அந்த நேரத்தில், என் வீட்டுக்காரர் உள்ளே போய் மூலையில் கிடந்த உர மூட்டையை வெளியே இழுத்தார். அடியில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு, லுங்கியை மடித்துக் கட்டி, கண்மாய்ப் பக்கம் நடந்தார். லாரி வாங்கியதற்குப் பிறகு அவர் வயலில் இறங்கி நான் பார்த்ததில்லை. மாமனார் படியில் இருந்து எழுந்தார். போகட்டுமா வேண்டாமா என்று கொஞ்சம் நின்றார். பிறகு, "அவன் தூவுனா ஒரே எடத்துல கொட்டிருவான்," என்று என்னிடம் சொல்லிவிட்டு, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மகன் பின்னால் போனார்.

இருட்டுவதற்குள் இரண்டு பேரும் சேற்றுக் காலோடு திரும்பி வந்தார்கள். என் வீட்டுக்காரர் சட்டையைக் கழற்றி வழக்கம்போலத் தையல் மிஷின்மேல் போட்டார். மூன்று பேருமே கோபப்பட வேண்டிய நாள்தான் அது. நான் சட்டையை எடுத்து முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். வேப்பெண்ணெய் வாடை இருந்திருக்கும். எனக்குத்தான் அழுது அழுது மூக்கு அடைத்துக்கொண்டிருந்தது.